பொண்ணு டிகிரியே பாட்டுலதான் பண்ணுவேங்கறா, மூணு வருஷம் அப்படி என்னதான் சொல்லித்தருவாங்க?

திருச்சி_கடைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். இங்க எழுதறது இதான் முதல் தடவ, தப்பிருந்தா பொறுத்துக்கங்க. திருச்சில ஹார்டுவேர் கடை வெச்சிருக்கேன், சங்கீதத்துக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம் மார்கழில கடைல ரேடியோ போடறதோட சரி. பொண்ணு ப்ளஸ் டூ முடிச்சிட்டா, காமர்ஸ் குரூப், மார்க்கும் நல்லா வந்திருக்கு. பி.காம் சேத்துவிட்டு கூடவே சி.ஏ. ஃபவுண்டேஷனும் போடலாம்னு நான் ஒரு கணக்கு வெச்சிருந்தேன், இவ என்னடான்னா பி.ஏ. மியூசிக்தான் சேருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா.

எட்டு வயசுலேர்ந்து பக்கத்துத் தெரு டீச்சர்கிட்ட கத்துக்கறா, இப்ப ஒம்பது வருஷம் ஆச்சு. வர்ணம்ங்கற பயிற்சிப் பாட்டு ஏழெட்டு, கீர்த்தனை முப்பதுக்கு மேல தெரியும், நவராத்திரிக்கு கோயில்ல பாடுவா, கேக்கறவங்க எல்லாம் நல்லாருக்குன்னுதான் சொல்றாங்க. என் கேள்வி இதான், ஏற்கனவே பாடத் தெரிஞ்ச பிள்ளைக்கு காலேஜ்ல மூணு வருஷம் என்னத்த சொல்லித்தருவாங்க? இன்னும் ஒரு முப்பது பாட்டா? அதுக்கு இந்த டீச்சரே போதுமே, மாசம் எண்ணூறு ரூவாதான் வாங்கறாங்க. பரீட்சைன்னா எழுதற பரீட்சையா பாடற பரீட்சையா அதுகூட எனக்குத் தெரியல. மச்சினன் வேற "பாட்டுக்கு எதுக்கு மாமா பட்டம்"னு நக்கல் பண்றான். படிச்சவங்க யாராவது உள்ளத உள்ளபடி சொல்லுங்க.

கமகம்_காபி:

சார், நான் பி.ஏ. எம்.ஏ. ரெண்டுமே மியூசிக்தான், சென்னைல படிச்சேன், இப்ப வீட்லயும் ஆன்லைன்லயும் சொல்லித்தரேன். உங்க பொண்ணு மாதிரியேதான் நானும் போனேன், பத்து வருஷம் கத்துக்கிட்ட தெனாவெட்டோட. முதல் வாரமே சரளி வரிசை, அதாவது சின்னப் பிள்ளைங்க முதல்ல கத்துக்கற ஸரிகம பயிற்சி, அதுலேர்ந்து ஆரம்பிச்சாங்க, எனக்கு சுள்ளுனு வந்துச்சு. அதுக்கப்பறம் மேடம் ஒரு வெள்ளப் பேப்பர குடுத்து, உனக்கு நல்லா தெரிஞ்ச ஒரு ஆதி தாள வர்ணம் எடுத்துக்க, பல்லவி மட்டும் தாளம் பிரிச்சு நொட்டேஷன் எழுதுன்னாங்க. ஒரு எண்ணிக்கைக்கு நாலு அட்சரம் (தாளத்த அளக்கற சின்ன அலகு), எட்டு எண்ணிக்கை, ஆக தாளம் ஒரு சுத்து வர்ற ஒரு ஆவர்த்தனத்துக்கு 32 வரணும். எனக்கு 29தான் வந்துச்சு சார். மூணு அட்சரம் எங்க போச்சுன்னு மத்தியானம் சாப்பாட்டு நேரம் பூரா உக்காந்து தேடினேன். பத்து வருஷமா தூக்கத்துல எழுப்பினாலும் பாடற வர்ணம் அது! எந்த ஸ்வரம் எவ்வளவு நீளம் நிக்குதுன்னு வாய்க்குத் தெரியும், எனக்குத் தெரியாது, அவ்வளவுதான் விஷயம். காற்புள்ளி போட்டா ஒரு அட்சரம் நீட்டு, அரைப்புள்ளி போட்டா ரெண்டு, மேல் ஸ்தாயிக்கு எழுத்துக்கு மேல புள்ளி, கீழ் ஸ்தாயிக்கு கீழ புள்ளி, இப்படி ஒரு சின்ன பாஷைதான் அது, ஆனா அத எழுத ஆரம்பிச்சப்பறம்தான் நான் பாடறத நானே முதல் தடவ பாத்தேன்.

பரீட்சை ரெண்டும் உண்டு. தியரி எழுதணும், பிராக்டிகல் பாடணும். பிராக்டிகல்ல வெளிலேர்ந்து ஒரு எக்ஸாமினர் வருவாங்க, நீங்க பாடம் பண்ணின லிஸ்ட்ட குடுத்தா அதுல எதையாவது தொட்டு இத பாடு, இந்த ராகத்த ரெண்டு நிமிஷம் ஆலாபனை பண்ணு (வரி இல்லாம ராகத்த விரிக்கறது), இந்த வரிய நிரவல் பண்ணு (ஒரே வரிய விதவிதமா பாடறது), சமத்துலேர்ந்து (தாளம் ஆரம்பிக்கற இடம்) ஸ்வரம் போடுன்னு கேப்பாங்க. பாடமா கத்துக்கிட்டது பாதிதான், அந்த நிமிஷத்துல சொந்தமா பாடறது மீதிப் பாதி, அதுக்கு மனோதர்மம்னு பேரு. நிறைய வீட்டுக் கிளாஸ்ல பாட்டோட நிறுத்திடுவாங்க, இதுக்குள்ள போறதுக்கு டைம் இருக்காது.

தியரில ராக லட்சணம், தாள லட்சணம், வாக்கேயக்காரர்கள் (பாட்டு கட்டினவங்க), வரலாறு, இசைக்கருவிகள், ஒலியோட பௌதிகம் எல்லாம் உண்டு. 72 மேளகர்த்தாவ, அதாவது தாய் ராகங்கள, சும்மா மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல, கடபயாதின்னு ஒரு தந்திரம் இருக்கு. ராகப் பேரோட முதல் ரெண்டு எழுத்துலயே நம்பர் ஒளிஞ்சிருக்கும். மேசகல்யாணில மே அஞ்சு, ச ஆறு, திருப்பிப் போட்டா 65. அது 36ஐ தாண்டிடுச்சு, அதனால பிரதி மத்யமம், அதாவது ம ஸ்வரத்துல உயரமா நிக்கற வகை. 65ல 36 போனா 29, தீரசங்கராபரணம், அதாவது சங்கராபரணத்துல மத்யமத்த மட்டும் மாத்தினா கல்யாணி. இந்தப் பட்டியலுக்கு அடிப்படை போட்டவர் வேங்கடமகி, தஞ்சாவூர்ல நாயக்கர் காலத்துல, 17ஆம் நூற்றாண்டுல எழுதின சதுர்தண்டி பிரகாசிகைல இருக்கு. இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச சங்கதி என்னன்னா அவர் நாள்ல அந்த 72ல 19தான் புழக்கத்துல இருந்துச்சு, மிச்சத்த எல்லாம் காலி மனை மாதிரி கட்டம் போட்டு வெச்சிட்டுப் போனார், பின்னாடி வந்தவங்க ஒவ்வொண்ணா வீடு கட்டினாங்க.

தம்பூரா சுருதி சேக்கறத பத்தி சொல்லாம விட்டா பாவம். இப்ப எல்லாரும் மொபைல் ஆப்தான், உங்க பொண்ணும் அப்படித்தான் இருக்கும். எங்களுக்கு முதல் செமஸ்டர்ல நாலு தந்தி தம்பூராவ கைல குடுத்துட்டாங்க. பஞ்சமம்னா ப, ரெண்டு சாரணின்னா ஸ, மந்தரம்னா கீழ் ஸ. முறுக்காணிய திருப்பிக் கிட்டத்தட்ட கொண்டுவந்து, அப்பறம் மணிய மேல கீழ தள்ளி, கடைசியா குதிரை மேல தந்திக்கு அடில ஒரு பஞ்சு நூல நகத்திக்கிட்டே இருக்கணும், அதுக்குப் பேரு ஜீவா. ஒரு இடம் வரும் பாருங்க, திடீர்னு தந்தி கம்முனு இருந்தது ரீங்காரமா விரிஞ்சுடும். அப்ப மந்தரத் தந்திய மட்டும் மீட்டினா யாருமே வாசிக்காத காந்தாரம், அதாவது க, ஒண்ணு லேசா கேக்கும். முதல் நாள் எனக்கு கேக்கவே இல்ல, கேக்குதுன்னு பொய் சொன்னேன். மூணாவது வாரம் நெஜமாவே கேட்டுச்சு.

சொல்லுக்கட்டு:

நான் மிருதங்கத்துல டிகிரி. மேடம் ராகத்த சொல்லிட்டாங்க, நான் தாளத்த சொல்றேன். சூளாதி தாளம் ஏழு, ஜாதி (தாளத்தோட நீளத்த மாத்தற வகை) அஞ்சு, பெருக்கினா 35, அஞ்சு கதியோட (ஒரு எண்ணிக்கைக்குள்ள எத்தன அட்சரம்ங்கறது) பெருக்கினா 175, இதெல்லாம் புக்லயே இருக்கு, அத மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்கறவன் மேடைல உக்காந்தா உளறுவான். நெஜமான படிப்பு கணக்குலதான் இருக்கு. அங்கிள் கடைக்காரர்தானே, உங்களுக்கு சட்டுனு புரியும். ததிகிணதொம், இது அஞ்சு அட்சரம். இத மூணு தடவ சொல்லி நடுவுல ரெண்டு ரெண்டு அட்சரம் இடைவெளி விட்டா அஞ்சு ரெண்டு அஞ்சு ரெண்டு அஞ்சு, மொத்தம் 19. ஆதி தாளம் 32. சரியா சமத்துல போய் விழணும்னா எங்க ஆரம்பிக்கணும்? 32ல 19 போனா 13, அதாவது மூணு எண்ணிக்கை முழுசா போய், அடுத்த எண்ணிக்கைல ஒரு அட்சரமும் போனப்பறம் எடுக்கணும். பேப்பர்ல ரெண்டாம் வகுப்புக் கணக்கு. ஆனா கை தாளம் போட்டுக்கிட்டு இருக்கும்போது, பாடகர் எதிர்பாராத இடத்துல நிறுத்திட்டு உன்ன பாக்கும்போது அந்த 13 தானா உள்ள ஓடணும். பாட்டுப் பிள்ளைகளுக்கும் இது உண்டு, ராகம் தானம் பல்லவின்னு, கச்சேரில பெரிசா விரிச்சு பாடற பகுதி வரும்போது ஒரே வரிய ஒரே தாளத்துல வேகத்த பாதியாக்கி, ரெண்டு மடங்காக்கி, திஸ்ரத்துல (மூணு மூணா) திருப்பி பாடச் சொல்வாங்க, எங்க பேட்ச்ல நல்லா பாடற பொண்ணுங்களே அழுதிருக்காங்க.

இன்னொண்ணு, ஹிந்துஸ்தானிலேர்ந்து பத்து தாட் (அங்க ராகங்கள பிரிக்கற வகை), மேற்கத்திய ஸ்டாஃப் நொட்டேஷன் எல்லாம் கொஞ்சம் எட்டிப் பாக்க வெப்பாங்க, எங்களுக்கு அது சும்மா தொட்டுக்க ஊறுகாய் அளவுதான். பி.ஏ.ன்னா தமிழ், இங்கிலீஷ் பேப்பரும் இருக்கும், நாள் பூரா பாட்டுதான்னு நெனச்சு வந்து ஏமாறாதீங்க.

பழைய_ரசிகன்:

எல்லாம் சரி, ஆனா யாரும் கசப்பான பக்கத்த சொல்லலையே. நான் அம்பது வருஷமா கச்சேரி கேக்கறவன், என் தங்கச்சி பொண்ணு ஒரு காலேஜ்ல (பேரு வேண்டாம்) மியூசிக் படிச்சா. ஒரு கிளாஸ்ல இருபத்தஞ்சு பேர் சேந்து பாடினா யாருக்கு சுருதி விலகுதுன்னு வாத்தியாருக்கே எப்படி தெரியும்? அம்பது நிமிஷம் பெல் அடிச்சா ஆலாபனைய பாதில நிறுத்திட்டு இங்கிலீஷ் கிளாசுக்கு ஓடணும். குருகுலத்துல குரு வீட்ல தண்ணி எடுத்து ஊத்தி, அவர் குளிக்கும்போது முணுமுணுக்கறதுலேர்ந்து கத்துக்கிட்டாங்க, அந்த மாதிரி சங்கீதம் சிலபஸ்ல அடங்காது. டிகிரி வாங்கினவங்கள்ல எத்தன பேர் மேடை ஏறினாங்க சொல்லுங்க பாப்போம். வேலையும் கிடையாது. அப்பாக்காரர் சொல்ற பி.காம்தான் புத்திசாலித்தனம், பாட்ட சாயந்தரம் வெச்சுக்கலாம்.

கமகம்_காபி:

மாமா, கூட்டத்துல பாடறது பத்தி நீங்க சொன்னது நூத்துக்கு நூறு, அதனாலதான் காலேஜ் சேந்தாலும் பழைய டீச்சர விட்டுடக் கூடாதுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்வேன், நான் ரெண்டையும் வெச்சிருந்தேன். ஆனா குருகுலம் வேற காலேஜ் வேறன்னு கோடு கிழிச்சா ஒத்துக்க மாட்டேன். சிதம்பரத்துல ராஜா அண்ணாமலைச் செட்டியார் இசைக் கல்லூரி ஆரம்பிச்சது 1929ல. சென்னைல அரசு கர்நாடக இசைக் கல்லூரி 1949ல ஆரம்பிச்சப்ப முதல் பிரின்சிபால் பாடகர் முசிறி சுப்பிரமணிய அய்யர். இன்னொரு பெரிய பாடகர் டைகர் வரதாச்சாரியார் அண்ணாமலைலயும் சொல்லிக்குடுத்தார், கலாக்ஷேத்ராலயும் சொல்லிக்குடுத்தார். குருகுலத்துல வளந்தவங்கதான் போய் காலேஜ்ல உக்காந்தாங்க. அதோட, யாரு வேணா குரு வீட்டுத் திண்ணைல போய் உக்காந்துட முடிஞ்சுதா அந்தக் காலத்துல? அப்ளிகேஷன் ஃபார்ம் போட்டு யாரு வேணா சேரலாம்னு ஆனது சின்ன விஷயமா?

வேலை பத்தி உண்மைய சொல்லிடறேன் சார். பி.ஏ. முடிச்ச கையோட சம்பளம்னு எதிர்பாத்தா வேண்டாம். எம்.ஏ. பண்ணி நெட்ங்கற தகுதித் தேர்வு எழுதினா காலேஜ் வாத்தியார் வேலைக்கு அப்ளை பண்ணலாம், ஸ்கூல் மியூசிக் டீச்சர் வேலை, மாவட்ட அரசு இசைப்பள்ளி, வானொலில ஆடிஷன் பாஸ் பண்ணினா பி கிரேடுலேர்ந்து ஆரம்பம், இதெல்லாம் இருக்கு, ஆனா இடம் கம்மி. என் கூட படிச்சவங்கள்ல முக்காவாசிப் பேர் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் கிளாஸ் எடுத்துதான் ஓட்டறாங்க, காலைல அஞ்சு மணிக்கு எழுந்து.

யாழ்_வாணி:

வணக்கம் ஐயா. நான் யாழ்ப்பாணம், மருதனார்மடத்தில இராமநாதன் நுண்கலைப் பக்கம் படிச்சனான், எங்கட பட்டம் நாலு வருசம். இங்க நிலைமை கொஞ்சம் வேற. கர்நாடக சங்கீதம் பள்ளிக்கூடத்திலயே ஒரு பாடம், ஓ/எல்லுக்கும் எடுக்கலாம் ஏ/எல்லுக்கும் எடுக்கலாம் (ரெண்டும் எங்கட பள்ளிப் பொதுச் சோதனை), அதால பட்டம் முடிச்ச ஆக்களுக்கு ஆசிரியர் வேலைக்கு ஒரு பாதை இருக்கு, காத்திருக்க வேணும், அது வேற கதை. வட இலங்கை சங்கீத சபைச் சோதனையும் சின்னனிலயிருந்து எடுத்துக்கொண்டு வருவம். பல்கலைக்கழகத்தில எனக்குப் பிடிச்சது கடைசி வருச ஆய்வுதான். நான் எங்கட ஊர்க் கோயில் திருவிழாவில மேளக்காரர் எந்த நேரத்தில என்ன வாசிக்கினம் எண்டு எழுதினனான். சாமி வெளிய வரேக்க கம்பீரநாட்டை ராகத்தில நாதஸ்வரத்தில வாசிக்கிற மல்லாரி, அதை பிறந்ததிலயிருந்து கேட்டனான், மல்லாரிக்குச் சாகித்தியமே (பாட்டு வரி) இல்லை, முழுக்கத் தாளச் சொற்கட்டில கட்டினது எண்டு இருபத்தி ரெண்டு வயசிலதான் கவனிச்சன். பாட்டுக்காரருக்குத் தேவாரப் பண்ணும் படிப்பிப்பினம், தக்கேசி எண்டா காம்போதி, மேகராகக்குறிஞ்சி எண்டா நீலாம்பரி எண்டு. அப்பம்மா கோயில்ல பாடினதெல்லாம் என்ன எண்டு அப்பதான் விளங்கினது.

திருச்சி_கடைக்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நெனைக்கல. தம்பி சொன்ன 32ல 19 போனா 13 சட்டுனு புரிஞ்சுது, கடைல ஸ்க்ரூ கணக்கு மாதிரி. பொண்ணுகிட்ட வர்ணத்த எழுதச் சொன்னேன், 35 வந்துச்சு, மூணு அதிகம், உங்களுக்கு கொறஞ்சது இங்க வந்துடுச்சு போல! மூஞ்சி சுருங்கிப் போச்சு அவளுக்கு. பெரியவர் சொல்றதும் மனசுல ஓடிக்கிட்டுதான் இருக்கு. மேடம், என்ன மாதிரி ஒண்ணும் தெரியாதவனுக்கு, இதுல என்ன படிப்பு இருக்குன்னு கண்ணால காட்டற மாதிரி ஏதாவது ஒண்ணு இருக்கா? வீட்ல பொண்ணோட பழைய கேசியோ கீபோர்டு ஒண்ணு கெடக்கு.

கமகம்_காபி:

கீபோர்டு இருக்கா, அப்ப ஜாலிதான். கருப்புக் கட்டை மட்டும் தொடுங்க சார், வெள்ளைய தொடவே கூடாது. மூணு கருப்பும் ரெண்டு கருப்பும் மாத்தி மாத்தி இருக்கும். மூணு கருப்புல முதல் கட்டைல ஆரம்பிச்சு வரிசையா அஞ்சு கருப்பு வாசிச்சு, அடுத்த மூணு கருப்போட முதல் கட்டைல முடிங்க. அது மோகனம். இப்ப அதே கட்டைங்கதான், ஆனா மூணுல ரெண்டாவது கட்டைல ஆரம்பிச்சு மேல அதே கட்டைல முடிங்க, மத்யமாவதி. மூணாவதுல ஆரம்பிச்சா ஹிந்தோளம். ரெண்டு கருப்புல முதல் கட்டைன்னா சுத்த சாவேரி, ரெண்டாவதுன்னா சுத்த தன்யாசி. கட்டை ஒண்ணுகூட மாறல, ஸ எங்கங்கறது மட்டும் மாறுது, அஞ்சு ராகம். முடிஞ்சா பொண்ண ஆரம்பக் கட்டைய ஒரு கையால அழுத்திப் பிடிச்சுக்கச் சொல்லுங்க, சுருதி நின்னாதான் வித்தியாசம் தெரியும்.

இதுக்கு கிரக பேதம்னு பேரு, தமிழ்ல பண்ணுப்பெயர்த்தல். சிலப்பதிகாரத்துல அரங்கேற்று காதை, ஆய்ச்சியர் குரவை படிக்கும்போது குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம்னு ஏழு ஸ்வரத்துக்கும் தமிழ்ப் பேரு வரும், குரல் எங்க நிக்குதோ அதுக்குத் தக்கபடி பண் மாறும். இளங்கோ பிளஸ் டூல எனக்கு அஞ்சு மார்க் மனப்பாடச் செய்யுள். காலேஜ்ல அதே மனுஷன் கருப்புக் கட்டைய காட்டறார்னு புரிஞ்சப்ப கிளாஸ்லயே எழுந்து நின்னுட்டேன். 1917ல கருணாமிர்த சாகரம் எழுதின ஆபிரகாம் பண்டிதர் சித்த வைத்தியர் சார், தஞ்சாவூர்ல மருந்து வித்த காசுல இந்தக் கணக்கெல்லாம் உக்காந்து போட்டார்.

பழைய_ரசிகன்:

இது எனக்கே தெரியாது. என்கிட்ட ஹார்மோனியம் இருக்கு, இப்பதான் போட்டுப் பாத்தேன். சுத்த சாவேரி வந்துடுச்சு அம்மா. பி.காம்தான் புத்திசாலித்தனம்னு சொன்னத வாபஸ் வாங்கல, ஆனா வாசிச்சுப் பாத்தேன்னு சொல்லிடறேன்.

திருச்சி_கடைக்காரன்:

நேத்து ராத்திரி கடைய சாத்திட்டு வந்து உக்காந்தோம். நான் கருப்புக் கட்டைய அமுக்க அமுக்க அவ கண்ண மூடிக்கிட்டு மோகனம், மத்யமாவதின்னு பேர் சொல்லிக்கிட்டே வந்தா, எனக்கு எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்துச்சு, சுருதிக் கட்டைய அழுத்திப் பிடிச்சப்பறம் கொஞ்சம் பிடிபட்டுது, ஒண்ணு சந்தோஷமா இருந்துச்சு ஒண்ணு கோயில் மங்களம் பாடற மாதிரி இருந்துச்சு. மச்சினனும் இருந்தான், நக்கல் ஒண்ணும் வரல.

ஆனா ஹிந்தோளத்துல அவ நிறுத்திட்டா. இல்லப்பா, ஸ்வரம் சரிதான், ஆனா இது ஹிந்தோளம் இல்லங்கறா. மேடம் சொன்ன கட்டைதானே அமுக்கறேன்னு நான் சொன்னா, கட்டை சரி, இதுல அசையவே மாட்டேங்குதே, நான் பாடும்போது மத்யமம் நேரா நிக்காதுன்னு பாடிக் காட்டறா. அப்ப அந்தக் கட்டைக்கும் இவ பாடறதுக்கும் நடுவுல இருக்கறது என்னன்னு கேட்டேன். தெரியலப்பா, டீச்சர் இப்படித்தான் பாடினாங்க, நானும் பாடறேன்னா. இதுக்கு பதில் எங்க இருக்கு மேடம்?

கமகம்_காபி:

எங்களுக்கு அது ரெண்டாவது செமஸ்டர்ல வந்துச்சு சார், ஸ்வரத்த அசைச்சு பாடறதுக்கு கமகம்னு பேரு, அதுக்கு தனி பாடமே இருந்துச்சு. வைவால, அதாவது வாய்மொழிப் பரீட்சைல, என்னயும் இதே கேள்விதான் கேட்டாங்க, அதே ஹிந்தோளத்துலதான், நான் முழிச்சேன். எந்தக் காலேஜ் போனாலும் சேர்றதுக்கு முன்னாடி ஒரு நாள் பொண்ணோட போய் பிராக்டிகல் கிளாஸ்ல எத்தன பேர் உக்காந்திருக்காங்கன்னு எண்ணிட்டு வாங்க, தம்பூரா இருக்கா, அதுல தந்தி இருக்கான்னும் பாருங்க. அந்த 35ஐ முதல்ல 32 ஆக்கச் சொல்லுங்க, அனேகமா நீட்டற எடத்துல காற்புள்ளிய ரெண்டு தடவ போட்டிருப்பா.